கூடாரம் 62 கிலோ, காடிக் கூரை 50 கிலோ

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடிக் கூரை மேல் கட்டி, விரித்துப் படுக்கிற பழைய கூடாரம் 2,400 வெள்ளி. அதைத் தாங்கக் கூரையில் போடுகிற குறுக்குக் கம்பி ஒரு ஜோடி 380. ஏற்றிக் கட்டக் கூலி 150. நசுங்கின கூரையைத் தட்டி நிமிர்த்தி சாயம் அடித்ததற்கு 900. பூஞ்சை பிடித்த மேல்துணியைக் கழற்றிப் புதிதாகத் தைத்ததற்கு 650. கடைசியில் அதை விற்றது 900 வெள்ளிக்கு. ஆக 3,580 வெள்ளி போனது போனதுதான். அதில் படுத்த இரவுகள் ஏழு. ஓர் இரவுக்கு 500 வெள்ளிக்கு மேல் விழுகிறது. அந்தக் காசுக்குக் கேமரன் மலையில் நல்ல ஹோட்டலிலேயே படுத்திருக்கலாம், காலையில் நாசி லெமாக்கும் கொடுத்திருப்பார்கள்.

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் இதைப் பற்றி விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. ஆனால் போக இடம் நிறைய. சுற்றிலும் செம்பனையும் பால்மரமும், லாசா பக்கம் உள்ளே போனால் ஆறு, வடக்கே லெங்கோங், தெற்கே ஈப்போவைத் தாண்டி சிம்பாங் பூலாயில் ஏறினால் கேமரன். காடி மேலேயே படுக்கை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படுக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் ஆசை வருகிறது. எனக்கும் வந்தது. விற்றவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை பேர் படுக்கலாம் என்பது. “நாலு பேர் தாராளமா படுக்கலாம் பாஸ்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது கூடாரத்தைப் பற்றியே இல்லை, காடியின் கூரையைப் பற்றி. ஒவ்வொரு காடிக்கும் கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு வரி இருக்கும். என் ஏழு பேர் காடிக்கு அது 50 கிலோ. அந்தப் புத்தகம் டேஷ்போர்டுப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நான்கு வருஷமாகக் கிடந்தது. கூடாரம் 62 கிலோ, கம்பிகள் 6 கிலோ, உள்ளேயே மடித்து விட்ட தலையணை, போர்வை 5 கிலோ. மொத்தம் 73. கம்பியின் எடையும் கூரை தாங்குகிற எடையில் சேர்த்திதான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பெட்டியில் “75 கிலோ தாங்கும்” என்று போட்டிருந்தால் அது கம்பி தாங்குகிற அளவு. கூரை, கம்பி, கம்பியைக் கூரையோடு பிடிக்கிற கால் இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

அப்படியென்றால் இரண்டு பேர் மேலே ஏறிப் படுத்தால் 200 கிலோ ஆகிறதே, கூரை உடையாதா என்று கேட்பார்கள். உடையாது. கையேட்டில் இருப்பது ஓடும்போது தாங்குகிற எடை. காடி நிற்கும்போது எடை நேராகக் கீழே மட்டும் இறங்குகிறது, அதனால் கூரை அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஓடும்போது அதே சுமை பிரேக் அடித்தால் முன்னே தள்ளும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும், குழியில் விழுந்தால் மேலே துள்ளித் திரும்ப அடிக்கும். கூடாரம் ஆபத்தாவது நாம் அதில் தூங்கும்போது இல்லை, அதைச் சுமந்துகொண்டு போகும்போது. கரடுமுரடான பாதையில் போவதாக இருந்தால் தாங்கும் எடையை 1.5 ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்லும் கம்பித் தயாரிப்பாளர்கள் உண்டு. 75 கிலோ கம்பி அங்கே 50 கிலோ கம்பி ஆகிவிடும். தோட்டத்து செம்மண் ரோட்டை, அதுவும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓடி ஓடிப் பள்ளமான ரோட்டை, கரடுமுரடு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

மூன்று மாதத்தில் கம்பியின் நான்கு கால்களில் இரண்டு உட்கார்ந்த இடத்தில் கூரைத் தகடு உள்வாங்கியிருந்தது. காடி கழுவும்போது கையில் தட்டுப்பட்டதுதான், கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டறை அண்ணன் உள்பக்கத் துணியை இறக்கிக் காட்டினபோது வயிறு கலங்கிவிட்டது. கூரையின் ஓரத்தில் நீளமாக ஓடுகிற கறுப்புத் தண்டவாளங்களை நம்பித்தான் கம்பி போட்டிருந்தேன். சில காடிகளில் அது உண்மையிலேயே சுமை தாங்குகிற தண்டவாளம், கூரையின் எலும்போடு போல்ட் போட்டது. சிலவற்றில் வெறும் அலங்காரம், ஒட்டினது. வித்தியாசம் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் அந்தக் காடியை விற்கிற இடத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். தண்டவாளமே இல்லாத மொட்டைக் கூரைக்குக் கதவு இடுக்கில் கவ்வுகிற கால்கள் கிடைக்கும். அவை சைக்கிளுக்குப் போதும். கூடாரத்துக்குப் போடுமுன் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

கம்பி போடுவதிலும் கணக்கு இருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 80 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கிட்டக் கிட்டப் போட்டால் கூடாரத்தின் அடித்தட்டு முன்னும் பின்னும் துருத்தி நின்று ஊஞ்சல் மாதிரி ஆடும். கூடாரத்தின் அடியில் நீளமாக இரண்டு அலுமினியப் பள்ளங்கள் ஓடும், அதில் தலை நுழைத்து வருகிற எட்டு மில்லி மீட்டர் போல்ட் கம்பிக்குக் கீழே ஒரு பட்டையைப் பிடித்துக்கொள்ளும். 13ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். நட்டு உள்ளே நைலான் வளையம் வைத்ததாக இருக்கட்டும், சாதா நட்டு அதிர்வில் கழன்றுகொண்டே வரும். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலுமாகச் சேர்த்து வெள்ளைச் சாய பேனாவில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதல் 100 கிலோ மீட்டரில் ஒருமுறை இறுக்க வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னே. ஏற்ற மூன்று பேர் வேண்டும், நான்கு பேர் இருந்தால் நல்லது. நானும் மச்சானும் இரண்டே பேராகத் தூக்கியதில் கதவுப் பக்கம் கீறினது மேலே சொன்ன கணக்கில் இல்லை.

ஏற்றின அன்றே தரையிலிருந்து உச்சிவரை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். என் காடி 1.7 மீட்டர், கம்பி 10 சென்டிமீட்டர், மூடின கூடாரம் 30 சென்டிமீட்டர். ஆக 2.1 மீட்டர். ஈப்போவில் பேரங்காடிக்குள் நுழையும்போது தலைக்கு மேலே தொங்குகிற மஞ்சள் கம்பியும் பல இடங்களில் அதே உயரம்தான். பின்னால் ஆறு காடி ஹாரன் அடிக்க ரிவர்ஸ் எடுத்த அவமானம் போதும்.

இனி மழை. நம் ஊரில் கூடாரம் வாங்குகிறவர் எடைக்கு அடுத்தபடி கேட்க வேண்டியது, இது எப்படி நனைகிறது என்பதைவிட எப்படிக் காய்கிறது என்பதுதான். விளம்பரத்தில் நீர்த்தூண் 2,000 மில்லி மீட்டர், 3,000 மில்லி மீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். 2,000 இருந்தால் நம் மழைக்குத் துணி தாங்கும். தண்ணீர் வருவது துணி வழியாக இல்லை, தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும். தையலின் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா, ஜிப்பின் மேல் மடிப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

துணி இரண்டு வகை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கெட்டி கேன்வாஸ் ஒன்று. சதுர மீட்டருக்கு 280 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இதில் பருத்தி நூல் நனைந்தால் உப்பி, தையல் ஓட்டையைத் தானே அடைக்கும். அதனால் புதுசு வாங்கினதும் ஹோஸ் பைப்பில் நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனைத்துக் காயவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுத்தான் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் செய்யாமல் முதல் மழையிலேயே ஒழுகுகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம். இந்தத் துணி மூச்சு விடும், ஆனால் கனம் அதிகம், காய நேரம் பிடிக்கும். இரண்டாவது வகை முழு பாலியெஸ்டர், உள்ளே ரசாயனப் பூச்சு. லேசானது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் காற்று போகாது, அந்தப் பூச்சும் நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சில வருஷத்தில் சிதைந்து பிசுபிசுத்து உரியத் தொடங்கும். என்னுடையது இந்த வகை. தொட்டால் லேசாக ஒட்டியது. பழசாச்சே, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் இரவே மெத்தை நனைந்தது. ஒழுகுகிறது என்று நினைத்துத் தையலுக்கெல்லாம் பசை பூசினேன், அடுத்த பயணத்திலும் அதே கதை. அது ஒழுகலே இல்லை. மூச்சு. மூடின கூடாரத்துக்குள் இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சின், உடம்பின் ஈரம் குளிர்ந்த அடித்தட்டில் பட்டுத் தண்ணீராக நிற்கிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். முதுகும் இடுப்பும் கிடந்த இடத்துக்கு நேர் கீழே ஈரம் என்றால் மூச்சு. ஓரத்திலோ தையலுக்கு நேர் கீழேயோ கோடாக ஈரம் என்றால் ஒழுகல். மூச்சு ஈரத்துக்கு மருந்து, மெத்தைக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்றோடுகிற வலைப்பாய். அதோடு மழை பெய்தாலும் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாண் திறந்து வைக்க வேண்டும். அதனால் வாங்கும்போதே ஜன்னலுக்கு மேல் முன்தள்ளின மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மறைப்பு இல்லாத ஜன்னல் நம் ஊரில் சும்மா அழகுக்குத்தான். கேமரன் மலையில் இந்த ஈரம் இன்னும் அதிகம், தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, வெளியே குளிர, உள்ளே நாம் சூடாக இருக்க, சுவரெல்லாம் வேர்க்கும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொசு வலை எல்லாக் கூடாரத்திலும் உண்டு. ஆனால் கொசுவைவிடச் சின்னதான அகாஸ் பூச்சி அதிலும் புகுந்துவிடும். கடலோரம், ஆற்று முகத்துவாரம், லூமுட் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதற்கு இன்னும் நெருக்கமான கண் உள்ள வலை வேண்டும். அது போட்டால் காற்று குறையும். கீழ்நாட்டில் ராத்திரியிலும் வெக்கை அடங்குவதில்லை என்பதால் யுஎஸ்பியில் ஓடுகிற சின்னக் காத்தாடி ஒன்று அவசியம். ஐந்து வாட் காத்தாடி என்றால் 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஓர் இரவுக்குத் தாராளம்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது காய வைப்பதில். ஞாயிற்றுக்கிழமை காலை லெங்கோங்கில், லாத்தா கெகாபு அருவிப் பக்கம் படுத்து எழுந்தபோது மழை. ஈரத்தோடு மடித்துக் கட்டினேன். வீட்டுக்கு வந்து விரிக்கலாம் என்றால் தாமான் வீட்டுப் போர்ச்சுக்குள் விரிக்க முடியவில்லை. காடி, கம்பியோடு 1.8 மீட்டர், விரித்த கூடாரம் இன்னும் 1.2 மீட்டர். மூன்று மீட்டர் வேண்டும், போர்ச் அதைவிடத் தாழ்வு. வெளியே விரித்து வைக்கலாம் என்றால் நான் வேலைக்குப் போய்விடுவேன், நாலு மணிக்கு மழை அடிக்கும். சனிக்கிழமை திறந்தபோது முகத்தில் அறைந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. மேல்துணி முழுக்கக் கறுப்புப் புள்ளி. நம் வெக்கைக்கு மூடின ஈரத் துணியில் இரண்டு நாள் போதும், நான் ஆறு நாள் விட்டிருந்தேன். பதற்றத்தில் துணி வெளுக்கிற மருந்தை ஊற்றித் தேய்த்தேன். அது செய்யவே கூடாத வேலை. புள்ளி கொஞ்சம் மங்கியது, பூச்சும் தையல் நூலின் பலமும் அதோடு போயின. அதனால்தான் மேல்துணி புதிதாகத் தைக்க 650 வெள்ளி.

சரியான முறை, முதலில் வெயிலில் காயவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்ட வேண்டும், உள்ளே வைத்துத் தட்டினால் பூஞ்சைத் தூள் மூக்குக்குள்தான் போகும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்து, ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்து, மறுபடி வெயில். கறை முழுக்கப் போகாது. நாற்றம் போகும், பரவுவது நிற்கும். ஈரத்தோடு மடிக்க வேண்டி வந்தால் மெத்தை, போர்வை எல்லாவற்றையும் காடிக்குள் எடுத்துப் போட்டுவிட்டு வெறும் கூடாரத்தை மடியுங்கள், அன்று சாயங்காலமே எங்கேயாவது விரியுங்கள். கோயில் திடலோ பள்ளிக்கூடத் திடலோ, கேட்டால் மறுக்க மாட்டார்கள். கூடாரம் வாங்கலாமா என்று இனிமேல் யார் கேட்டாலும், உங்கள் போர்ச்சின் உயரத்தை அளந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

மடக்கி விரிக்கிற துணிக் கூடாரத்துக்கு ஏணி வெறும் ஏணி இல்லை, தரையின் பாதியே அதன் மேல்தான் நிற்கிறது. மழை நின்ற தோட்ட மண்ணில் ஏணிக் கால் ஐந்து சென்டிமீட்டர் புதைந்தால் படுக்கை அந்தப் பக்கம் சாயும், ராத்திரி முழுக்க ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எப்போதும் காடியில் வையுங்கள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏணிக் கால் சுமார் 60 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்க வேண்டும். செங்குத்தாக நின்றால் இறங்கும்போது வழுக்கும். காடியைக் கொஞ்சம் சாய்வில் நிறுத்த நேர்ந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நிழல் என்று செம்பனைக்குக் கீழே போய் நிறுத்துகிறார்கள். காய்ந்த மட்டை விழுந்தால் துணி கிழிவது மட்டும் இல்லை, அதன் முள் யாரையாவது குத்திவிடும். பால்மரம் காற்றில் கிளை முறியும். டுரியான் காலத்தில் டுரியான் மரத்தடி வேண்டவே வேண்டாம், அது விழுகிறது பெரும்பாலும் ராத்திரியில்தான். இடி மின்னல் வந்தால் வெட்கப்படாமல் இறங்கிக் காடிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள். காடியின் இரும்புக் கூடு மின்னலை உங்களைச் சுற்றி மண்ணுக்குக் கடத்திவிடும், கூடாரம் இருப்பதோ அந்தக் கூட்டுக்கு மேலே. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடி அதிகம், அந்த மாதங்களில் திறந்த திடலில் படுக்க நான் போவதில்லை.

அப்படியானால் எது வாங்கலாம் என்று கேட்டால், மேலே துணி உறைக்குப் பதிலாகக் கெட்டி ஓடு போட்டது நம் மழைக்கு நல்லது. கிளிப்பை எடுத்தால் ஒரு நிமிஷத்தில் தானே எழும்பும், நனைகிற துணி குறைவு, மூட எளிது. துணிக் கூடாரம் பத்து நிமிஷ வேலை, மேலே போடுகிற பிவிசி உறையோடு மழையில் மல்லுக்கட்டும்போது பக்கத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது, வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் கெட்டி ஓட்டில் இரண்டு பேருக்கு மேல் படுப்பது சிரமம், விலை அதிகம், பெரும்பாலும் எடையும் அதிகம். எடை அதிகம் என்றால் மறுபடி கூரைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். பிக்அப் லாரி வைத்திருப்பவர் பின்தொட்டிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து அதில் போடலாம், கூரைக்குத் தொந்தரவே இல்லை, காற்று இடிப்பதும் குறைவு. என்னை மாதிரி 50 கிலோ கூரைக் காடியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், மனசு நோகாமல் கேளுங்கள், நல்ல தரைக் கூடாரமும் மடக்குக் கட்டிலும் வாங்குங்கள். ஆயிரம் வெள்ளிக்குள் முடியும், பெட்ரோலும் ஏறாது.

பழசு வாங்குகிறவர் கடை வாசலில் ஐந்து நிமிஷத்தில் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விரிக்கச் சொல்லுங்கள், மடித்தே காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். தலையை உள்ளே விட்டு மூச்சை இழுங்கள். புளித்த வாடை அடித்தால் பூச்சு போய்விட்டது, மண்வாடை அடித்தால் பூஞ்சை. உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள், ஒட்டினால் வேண்டாம். எல்லா ஜிப்பையும் முழுக்க இழுத்து மூடுங்கள். உள்ளே போய் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, வெளியே ஒருவரைத் தையல் நெடுக டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கேதான் தண்ணீர் வரும். கெட்டி ஓடு என்றால் பாதி உயரத்தில் கையை எடுங்கள், ஓட்டைத் தூக்கி நிறுத்துகிற கேஸ் தண்டு நல்ல நிலையில் இருந்தால் மேலே போகும், தேய்ந்திருந்தால் தலையில் இறங்கும். கடைசியில் எடை எவ்வளவு என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வையுங்கள்.

என்னுடையதை வாங்க வந்தவரிடம் இதையெல்லாம் சொல்லித்தான் விற்றேன், அதனால்தான் 1,500 கேட்டது 900 ஆனது. அவருடையது பிக்அப், தொட்டிச் சட்டம் ஏற்கெனவே அடித்திருந்தார். நான்கு பேராகத் தூக்கினோம், கீறல் எதுவும் விழவில்லை.